தறப்பாளுக்குள் ஒரு பேத்தி

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் அதிகாலை அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. அந்த நேரத்தில் மணி அடித்தால் எங்கள் தலைமுறைக்கு நெஞ்சு பதறும். பத்திரிகை அலுவலகங்களில் முப்பது ஆண்டுகள் இருந்தவனுக்கு அந்தப் பதற்றம் சற்றுக் கூடுதல்.

"தம்பி, நீ ஒருக்கா அவனோட கதை. பச்சைப்பிள்ளையைக் காட்டுக்குள்ள கொண்டுபோய்த் தறப்பாளுக்குள்ள படுக்க வைச்சிருக்கிறான். எனக்கு ராத்திரி முழுக்க நித்திரை இல்லை."

அவன் என்பது ரொறன்ரோவில் வசிக்கும் அக்காவின் மகன், என் மருமகன். பச்சைப்பிள்ளை என்பது அவனுடைய நான்கு வயது மகள். அவன் அனுப்பிய படம் எனக்கும் வந்திருந்தது. நீல நிறக் கூடாரமொன்றின் வாசலில், நெற்றியில் சிறு விளக்கொன்றைக் கட்டிக்கொண்டு, கையில் கடித்த பாண் துண்டுடன் சிரித்துக்கொண்டிருந்தாள் பேத்தி. அக்காவின் கண்ணுக்குப் பிள்ளையின் சிரிப்புப் படவில்லை, கூடாரந்தான் பட்டிருக்கிறது.

அக்காவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, இன்று ரொறன்ரோவில் கூடாரம் அடிக்கும் இந்த மருமகனுக்கு ஐந்து வயது. என் சைக்கிள் பாரில் ஒரு தலையணையைக் கட்டி, அதன்மேல் அவனை இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். சில நாட்கள் தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் கிடந்தோம். பிறகு ஒரு தென்னங்காணியில் நான்கு தடிகள் நட்டுத் தறப்பாள் கட்டினோம். உரப்பைகளைப் பிரித்துத் தைத்து நிலத்தில் விரித்து, அதன்மேல் பாய் போட்டோம். ஏறத்தாழ அரை வருடம் அப்படியே கழிந்தது. மாலையானால் பையன் கேட்பான்: "மாமா, எப்ப வீட்டை போறது?" நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பொய் சொல்வேன்.

ஈழத்தமிழருக்குக் கூடாரம் என்ற சொல் இவ்விதமாகவே அர்த்தப்பட்டுப் போயிற்று. 'முகாம்' என்றால் ஒன்றில் இராணுவ முகாம், இல்லையேல் அகதி முகாம். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் வரிசை வரிசையான கூடாரங்களில் அடைபட்டிருந்தார்கள். அது மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அங்கே பிறந்த பிள்ளைகள் நடை பழகியதே கூடாரக் கயிறுகளுக்கு நடுவேதான். அப்படியான சமூகத்தில் ஒரு தகப்பன் பணம் கட்டி, விடுப்பு எடுத்து, தன் பிள்ளையை ஒரு துணிக்குடிசைக்குள் படுக்க வைக்கிறான் என்றால் பாட்டி பதறத்தான் செய்வார்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு வேறு முகங்களும் எங்களிடம் இருந்தன. சாரணர் இயக்கம் இந்த நாட்டுக்கு வந்தது 1912 இல், மாத்தளையில். பெண்களுக்கான இயக்கம் 1917 இல் கண்டியில் தொடங்கிற்று. பிள்ளைகள் கூடாரமடித்துத் தங்கியதை எங்கள் பாடசாலைகளில் 'பாசறை' என்றே சொன்னோம். சோளகத்துக்கும் வாடைக்கும் கரை மாறிப்போகும் மீனவர்கள் அடித்தது 'வாடி'. வன்னி விவசாயிக்கு யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கப் 'பரண்'. வயற்காவலுக்குப் போகும் தகப்பனோடு பிள்ளையும் போய்ப் பரணில் படுத்து, பந்தத்தின் வெளிச்சத்தில் கதை கேட்டு வளர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வெளியே இரவைக் கழிப்பது எங்களுக்கு அவமானமோ அவலமோ ஆகாமலிருந்த காலமும் ஒன்று உண்டு. யுத்தம் எங்களிடமிருந்து பறித்தவற்றின் பட்டியலில் இதை யாரும் எழுதவில்லை.

இதை நான் ஞானத்தோடு சொல்வதாக எவரும் நினைக்கவேண்டாம். தோற்றுப்போனவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்.

2012 ஜனவரியில், என் மகனுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஹோட்டன் சமவெளிக்கு அவனை அழைத்துச் சென்றேன். பழைய சாரணனான நண்பர் ஒருவர் தன் இரு பிள்ளைகளோடும் கூடாரங்களோடும் வந்தார். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் அளவு உயரம். பகலில் பிள்ளைகள் ஓடித்திரிந்தார்கள். உலக முடிவில் மூடுபனி விலகும்வரை காத்திருந்தோம். நண்பர் கூடாரத்தின் அடியில் ஒரு தறப்பாளும், உள்ளே தடித்த விரிப்பும், அதன்மேல் கம்பளியும் போட்டார். மேலே எத்தனை போர்த்தினாலும் பயனில்லை, பிள்ளையின் சூட்டை நிலந்தான் உறிஞ்சும், ஆகவே கீழே அதிகம் போடவேண்டும் என்றார். அன்று கற்றுக்கொண்ட ஒரே விடயம் அது.

இரவு காற்று எழுந்தது. கூடாரத்தின் துணி படபடவென்று அடிக்கத் தொடங்கியது. அந்த ஓசையை நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். தென்னங்காணியில் அரை வருடம் கேட்ட அதே ஓசை. மகன் அரைத்தூக்கத்தில் புரண்டு, "அப்பா, எப்ப வீட்டை போறது?" என்று கேட்டான். வேறொன்றுமில்லை, எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி. அதற்கு என்னிடம் உண்மையான பதிலும் இருந்தது: நாளை பின்னேரம். ஆனால் எனக்கு அதைச் சொல்ல நா எழவில்லை. அவனைக் கம்பளியோடு அள்ளிக்கொண்டு போய் வானுக்குள் கிடத்தி, கதவைப் பூட்டி, விடியும்வரை அருகில் குந்திக்கொண்டிருந்தேன்.

விடிந்தபோது புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. நண்பரின் பிள்ளைகள் அதை விரலால் கீறிப் பெயர் எழுதினார்கள். தூரத்தில் மரைகள் மேய்ந்தன. என் மகன் எழும்பியபோது வெயில் வந்து பனி கரைந்துவிட்டது. "எங்களை மட்டும் ஏனப்பா வானுக்குள்ள கொண்டு வந்தீங்கள்?" என்று கேட்டான். குளிர் என்றேன். அதன் பிறகு அவனை நான் எங்கும் அப்படி அழைத்துப்போகவில்லை. இன்று அவன் பல்கலைக்கழக மாணவன். நண்பர்கள் மலைக்குப் போக அழைத்தால் ஏதாவது காரணம் சொல்லித் தவிர்க்கிறான். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆகவே மருமகனிடம் நான் கதைத்தேன். அக்கா கேட்டதுபோல் கண்டிக்க அல்ல, அவன் இதை எப்படிச் செய்கிறான் என்று அறிய.

முதன்முதலில் மகளோடு கூடாரத்தில் படுத்தது வீட்டின் பின்வளவுக்குள்தானாம். நடுச்சாமத்தில் அவள் அழுதாள், உள்ளே போய்விட்டார்கள், அதை அவன் தோல்வியாக எடுக்கவில்லை. அடுத்த கோடையில் நகரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஓர் இரவு. இம்முறைதான் அல்கொன்குயின் பூங்காவில் இரண்டு இரவுகள். 1893 இல் தொடங்கப்பட்ட பழைய பூங்கா அது. கருங்கரடிகள் உள்ள இடம். உணவுப் பொருள் ஒன்றும் கூடாரத்துக்குள் போகக்கூடாது, பற்பசைகூட மணம் என்பதால் காரின் பின்பெட்டிக்குள்தான். கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பார்த்து, பட்டுப்போன கொப்பு மேலே தொங்குகிறதா என்று கவனிப்பானாம். எவ்வளவு குளிரானாலும் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவதில்லை, அதன் நச்சுவாயுவுக்கு மணமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். ஏரிக்கரையில் எப்போதும் தண்ணீருக்கும் பிள்ளைக்கும் நடுவில் அவன் நிற்பான். காலில் உண்ணி கடித்திருக்கிறதா என்று இரவு விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பான். மகளுக்கும் ஒரு வேலை உண்டு. கூடாரத்தின் முளைகள் எட்டு. பிடுங்கும்போது எட்டும் வந்துவிட்டனவா என்று எண்ணவேண்டியவள் அவள். ஏழுக்குப் பிறகு பத்து என்று சொல்லித் தகப்பனைத் திண்டாட வைக்கிறாளாம்.

"மாமா, கிழமையில அஞ்சு நாள் அவள் எழும்ப முதல் நான் போயிடுவன். வரேக்க நித்திரை. ரண்டாவது வேலையும் இருக்கெல்லோ. அங்க போனால் மட்டுந்தான் ரண்டு நாளும் நான் முழிச்சிருக்கிறதை அவள் காணுறாள்."

காற்று, இயற்கை, நட்சத்திரம் என்று எத்தனையோ காரணங்களைச் சொல்லலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும். புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டுக்கடனும் கார்க்கடனும் கட்டுவதற்காக இரண்டு வேலை செய்கிறார்கள். பிள்ளைக்கு நீச்சல், பியானோ, தமிழ், கணக்கு என்று வகுப்புகளை வாங்கிக் கொடுக்கிறார்கள். தகப்பனை மட்டும் வாங்கிக் கொடுக்க முடிவதில்லை.

தயக்கத்தோடு இன்னொன்றும் கேட்டேன். துணி காற்றில் அடிக்கும் ஓசை உன்னை ஒன்றும் செய்வதில்லையா? சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னான்: "அந்தக் கொட்டில் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு மாமா. அம்மா அழுதது ஞாபகம். ஆனா எல்லாரும் ஒரே பாயில கிட்டக் கிட்டப் படுத்தது அதைவிட ஞாபகம்."

இந்தப் பதிலை வைத்து ஆறுதல் தேட நான் விரும்பவில்லை. பிள்ளைக்கு அது ஒரே பாயாகத் தெரிந்ததென்றால், மழைநீர் உள்ளே வராதபடி இரவிரவாக வாய்க்கால் வெட்டியதும், ஈரவிறகை ஊதி ஊதிக் கஞ்சி வைத்ததும், மலசலகூடம் இல்லாத காணியில் விடியுமுன் எழும்பி இருட்டுக்குள் போய்வந்ததும் அவனுக்குத் தெரியாமல் அக்கா பார்த்துக்கொண்டார் என்பதே அதன் பொருள். அக்காவுக்கும் மகனுக்கும் ஒரே தறப்பாளைப் பற்றி இருவேறு நினைவுகள். இரண்டும் உண்மை.

கனடாவில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறார்கள். அதைப் பற்றியும் மருமகன் சொன்னான். 1981 பெப்ரவரியில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே பலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வழி தவறினான். பெருங்கூட்டம் தேடியும் சில நாட்களின் பின் உடலையே கண்டெடுத்தார்கள். அதன் பிறகு தேடுதலில் ஈடுபட்டவர்கள் ஒரு பாடத்தை உருவாக்கினார்கள். 'மரத்தைக் கட்டிப்பிடி' என்று அதற்குப் பெயர். வழி தவறிவிட்டாய் என்று தெரிந்தவுடன் நில். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதனருகிலேயே இரு. ஊதுகுழலை ஊது. பெயர் சொல்லி அழைத்தால் பதில் கொடு. அப்பாவும் அம்மாவும் உன்மேல் கோபப்பட மாட்டார்கள். பாடத்தின் சாரம் இவ்வளவுதான். கடைசிச் செய்தியை ஏன் சேர்த்தார்கள் என்றால், வழி தவறிய பிள்ளைகள் ஏச்சு விழும் என்ற பயத்தில் தேடி வருபவர்களின் கண்ணிலேயே படாமல் ஒளிந்துகொள்வதுண்டு.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று உறைத்தது. நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்தது நேர்மாறான பாடம். நாய் குரைத்தால் விளக்கை நூர். ரோச் வெளிச்சம் வந்தால் மூச்சுக் காட்டாதே. யாராவது பெயர் கேட்டால் தெரியாதென்று சொல். அந்தப் பாடத்தால் உயிர் தப்பியவர்களும் உண்டு, ஆகவே அதைக் கற்பித்ததற்காக வருந்தமாட்டேன். ஆனால் இருட்டில் தன் பெயர் கேட்டால் உரத்துப் பதில் சொல் என்று ஒரு தமிழ்ப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் காலம் வந்திருக்கிறதென்றால், அதற்காகவேனும் அவளைக் காட்டுக்கு அழைத்துப் போகலாம் என்பது என் கட்சி.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்று முகஞ்சுளிப்போருக்கு உகந்தையை நினைவுபடுத்துகிறேன். ஆண்டுதோறும் கதிர்காம ஆடிவேல் விழாவை ஒட்டிக் காட்டுவழி திறக்கும்போது, மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் குடும்பங்கள் அங்கே வந்து சேர்கின்றன. உகந்தை முருகனை வணங்கி, குமண, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று யால காட்டினூடாக ஐந்தாறு நாட்கள் நடக்கிறார்கள். 2014 இல் செய்தியாளனாக அந்த வழியில் சில நாட்கள் நடந்தேன். தகப்பனின் தோளில் பிள்ளை, தாயின் தலையில் அரிசிப் பொதி. அங்கே எல்லோருமே சாமி, ஆகவே நான்கு வயதுப் பிள்ளை குட்டிச் சாமி. ஆற்றுமணலைத் தோண்டி ஊற்றெடுத்துத் தண்ணீர் மொண்டார்கள். இரவில் நெருப்பைச் சுற்றி வட்டமாகப் பெரியவர்களும், நடுவில் பிள்ளைகளும் படுத்தார்கள். எங்கோ யானை கொப்பு முறிக்கும் ஓசை கேட்டது. ஒரு மூதாட்டி எழுந்து பிள்ளைகளின் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு மீண்டும் படுத்தார். கூடாரமே இல்லாத அந்தப் பாசறையைவிட ஒழுங்கான பாசறையை நான் கண்டதில்லை.

ஒழுங்கு என்று சொன்னதால் ஒரு மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன். இப்போது எங்கள் நாட்டிலும் கூடாரமடிக்கும் மோகம் வந்திருக்கிறது. மலையகத்தின் அருவிக்கரைகளில் வார இறுதியானால் இடம் கிடைக்காது. போனவர்களில் ஒரு பகுதியினர் வீட்டையும் கூடவே கொண்டுபோகிறார்கள். பெரிய ஒலிபெருக்கி, சாராயப் போத்தல், கொத்துரொட்டிப் பொதி, போன பிறகு அவை எல்லாவற்றின் குப்பை. பிள்ளையும் பக்கத்தில் இருக்கிறது, கையில் தொலைபேசியோடு. இதற்கு வீட்டு விறாந்தையே போதுமே. அருவிக்கரையில் படுப்போர் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழையும் இல்லாமல், மேலே மலையில் பெய்த மழையில் ஆறு சடுதியாகப் பெருகும். ஒலிபெருக்கி போட்டிருப்பவருக்கு அது வரும் இரைச்சல் கேட்காது. யானைக்குப் பழம் நீட்டிப் படம் பிடிக்கும் தகப்பன்மாரும் உண்டு. புத்தல-கதிர்காம வீதியில் யானைகள் வாகனங்களை மறித்துத் தீன் கேட்கப் பழகியது இப்படியானவர்களால்தான். அதைப் பிள்ளையின் முன்னால் செய்வது இரட்டைக் குற்றம்.

மறுபுறத்தில், பிள்ளையை உரமேற்றுகிறேன் என்று கிளம்புபவர்களும் இருக்கிறார்கள். அழக்கூடாது, பயப்படக்கூடாது, நீ ஆம்பிளைப்பிள்ளை என்று மிரட்டி இருட்டுக்குள் நிறுத்துவார்கள். அந்தப் பிள்ளைக்கு இருட்டைவிடத் தகப்பனே பயங்கரமாகத் தெரிவான். மருமகன் முதல் இரவில் அழுத பிள்ளையை மறுபேச்சின்றி வீட்டுக்குள் தூக்கிப் போனானே, அதனால்தான் அடுத்த கோடையில் அவள் தானாக வந்தாள். நானும் ஹோட்டன் சமவெளியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். ஆனால் அன்று அழவேண்டிய நிலையில் இருந்தவன் அவனல்ல.

அக்காவின் பயத்துக்குள் சொல்லாத ஒன்றும் இருந்தது. பெண்பிள்ளை என்பது. ஆண்பிள்ளையாக இருந்திருந்தால் அவர் இத்தனை விடியலில் அழைத்திருப்பாரா என்று சந்தேகமாக இருந்தது, கேட்டும்விட்டேன். "அதுவுந்தான்" என்று ஒத்துக்கொண்டார். அதுபற்றி நாங்கள் மேற்கொண்டு விவாதிக்கவில்லை. பேத்தி முளைகளை எண்ணும் காணொளியை மருமகன் அனுப்பியிருந்தான். அதை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஏழுக்குப் பிறகு பத்து என்றபோது அவரும் சிரித்துவிட்டார்.

1995 பற்றிப் பேத்திக்கு எப்போது சொல்வது என்று மருமகன் என்னிடம் கேட்டான். இப்போது வேண்டாம் என்றேன். அவளுடைய கூடாரத்தில் முதலில் அவளுடைய நினைவுகள் சேரட்டும், பத்துப் பன்னிரண்டு வயதில் ஓர் இரவு நெருப்பருகே இருக்கும்போது சொல், பாதியை நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

வருகிற கோடைக்கு அக்காவைக் கனடாவுக்கு அழைத்திருக்கிறான். பூங்காவில் இடம் பிடிக்க ஐந்து மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டுமாம், ஆகவே தாய்க்கும் சேர்த்தே பதியப்போகிறான். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ அக்கா சொல்லவில்லை. நேற்று என்னை அழைத்து ஒன்றை மட்டும் விசாரித்து அறிவிக்கச் சொன்னார்: அந்த இடத்தில் மலசலகூடம் கூடாரத்திலிருந்து எத்தனை யார் தூரம், இரவில் அங்கே விளக்கு எரியுமா?